தீவில் ஆள் இல்லையா?

"எந்தத் தீவுக்குப் போகலாம்?" என்ற கேள்வி இப்போது நம் நடுத்தரக் குடும்பங்களில் "எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம்?" என்ற கேள்விக்கு அடுத்த ஸ்தானத்துக்கு வந்துவிட்டது. நம் தகப்பனார் காலத்தில் கோடை விடுமுறை என்றால் பாட்டி வீடு. கையில் கொஞ்சம் ஓட்டம் இருந்தால் ஏற்காடு. இன்னும் கொஞ்சம் இருந்தால் ஊட்டி. இப்போது மலைகள் பழசாகிவிட்டன. மாலத்தீவா, பாலியா, மொரீஷியஸா, அந்தமானா, லட்சத்தீவா என்று மாசி மாதமே வீட்டில் பட்டிமன்றம் ஆரம்பமாகிவிடுகிறது. அப்பா செலவைப் பார்க்கிறார். அம்மா சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுகிறாள். பிள்ளைகள் புகைப்படத்துக்கு எந்தக் கடல் அதிக நீலம் என்று பார்க்கிறார்கள். மூவரும் பார்க்காத ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

போகக்கூடாது என்று தடுப்பவன் அல்ல நான். வருஷம் முழுவதும் அலுவலக நாற்காலியில் தேய்கிறவர் பத்து நாள் கடல்காற்று வாங்க ஆசைப்படுவது குற்றமாகாது. ஊர் சுற்றாத மனிதனைவிடச் சுற்றுகிற மனிதன் ஒரு பங்கு மேல் என்பதே என் அபிப்பிராயம். என் சண்டையெல்லாம் நாம் தீவைத் தேர்ந்தெடுக்கிற விதத்தோடுதான்.

சேலத்தில் ஒரு பிரயாண ஏற்பாட்டு நிலையத்தார் கொடுத்த புத்தகம் ஒன்று என் மேஜைமேல் கிடக்கிறது. வழவழப்பான காகிதம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தீவு. எல்லாப் பக்கத்திலும் ஒரே படம்தான் என்று சத்தியம் செய்யலாம்: வெள்ளை மணல், சாய்ந்த தென்னை, கண்ணாடித் தண்ணீர், கரையோரம் ஒரு ஊஞ்சல், ஊஞ்சலில் வெளியூர்ப் பெண்மணி ஒருத்தி. அந்தத் தீவைச் சேர்ந்தவர் என்று புத்தகம் முழுவதிலும் நான் தேடிக் கண்டுபிடித்தது ஒரு கையை மட்டும்தான். அந்தக் கை பழரசத் தட்டை ஏந்திக்கொண்டிருக்கிறது. கைக்கு உரியவரின் முகத்தைப் படம் எடுத்தவர் வெட்டிவிட்டார்.

இந்தப் புத்தகத்தை எங்கள் குப்பனூர் டீக்கடையில் ஒரு நாள் கொடுத்துப் பார்த்தேன். கடைக்காரர் ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பொறுமையாகக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு கேட்டார்: "ஏனுங்க சார், படம் நல்லாத்தான் இருக்குது. இந்த ஊருக்காரங்கெல்லாம் எங்கீங்க போயிட்டாங்க?"

அவருக்கு அந்தக் கேள்வி தோன்றியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. குப்பனூர் சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுகிற பாதையைத்தான் உலகத்துக்குத் தெரியும். மற்றொரு பாதை எங்கள் ஊர் வழியாகக் கொட்டச்சேட்டைத் தொட்டுக்கொண்டு மேலே போகிறது. கோடை விழா நாட்களில் ஏறுகிற வண்டிகளை அந்தப் பாதையிலும், இறங்குகிற வண்டிகளை எங்கள் பாதையிலும் விடுவது வழக்கம். ஆகவே மலைக்கு வந்தவர்கள் மலையை என்ன செய்துவிட்டுப் போகிறார்கள் என்பதை இறங்குகிற வண்டிகளைப் பார்த்தே நாங்கள் சொல்லிவிடுவோம். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலின் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது, "விடுமுறை வீணாயிற்றே" என்று வருத்தப்பட்டவர்கள் பலர். மலைக்கிராமத்தில் குடியிருப்பவன் ஆஸ்பத்திரிக்கு எப்படி வருவான் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

பார்க்கப்போனால் ஏற்காடும் ஒரு தீவுதான். வெயில் கொதிக்கிற சமவெளிக்கு நடுவே ஐயாயிரம் அடி உயரத்தில் நிற்கிற குளிர்த் தீவு. வெள்ளைக்காரன் வெயிலுக்குப் பயந்து அதில் ஏறினான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை 1820-களில் அங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். பிறகு தோட்டங்கள் வந்தன, பங்களாக்கள் வந்தன, ஏரியில் படகுகள் வந்தன. அதற்கெல்லாம் முன்பே அங்கே மலையாளிகள் என்று அழைக்கப்படும் மலைக்குடிகள் இருந்தார்கள். கேரளத்துக்காரர்கள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்று பெயருக்குப் பொருள் சொல்லுகிற தமிழ்க் குடிகள். மலைக்குப் பெயர் கொடுத்த சேர்வராயன் அவர்கள் தெய்வம். இன்று ஏற்காட்டுக்கு வந்து திரும்புகிறவரிடம் "யாரைப் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். "ஏரியைப் பார்த்தோம், மலர்க் கண்காட்சியைப் பார்த்தோம்" என்பார். ஆளைப் பார்த்ததாகச் சொல்லமாட்டார். மலையில் பழகிய இந்தப் பார்வையைத்தான் இப்போது விமானம் ஏற்றித் தீவுக்குக் கொண்டுபோகிறோம்.

இந்தப் பார்வைக்கு விதை போட்டதில் கதைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. 1719-ல் டானியல் டீபோ எழுதிய ராபின்ஸன் குரூஸோ கதையைப் பள்ளிக்கூடத்தில் சுருக்கமாகவாவது படிக்காதவர் நம்மில் சொற்பம். கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய ஒருவன் தீவைத் தன் ராஜ்யம் என்று எண்ணிக்கொள்ளுகிறான். பிறகு வந்து சேர்ந்த மனிதனுக்குத் தானே பெயர் வைத்து வேலைக்காரனாக்கிக் கொள்ளுகிறான். முன்னூறு வருஷமாக உலகம் அந்தக் கதையை ரசித்துப் படித்துவருகிறது. இப்போது அதையே பத்து நாள் பொட்டலமாகக் கட்டி விற்கிறார்கள். "உங்களுக்கே உங்களுக்கான தீவு" என்று விளம்பரம் செய்கிறார்களே, குரூஸோவின் குரல் அதில் கேட்கவில்லையா?

மாலத்தீவையே எடுத்துக்கொள்ளுவோம். சுமார் 1,200 தீவுகள். ஜனங்கள் குடியிருப்பவை ஏறக்குறைய 200. 1972-ல் அங்கே முதல் உல்லாச விடுதி திறந்தது. அதன்பின் நெடுங்காலம் ஏற்பாடு என்னவென்றால், தீவு ஒன்று, விடுதி ஒன்று. வந்த விருந்தாளி ஒரு தீவில். உள்ளூர்க் குடும்பம் மற்றொரு தீவில். 2010-ஐ ஒட்டித்தான் ஜனங்கள் வாழும் தீவுகளில் சிறு வீட்டு விடுதிகள் பெருக ஆரம்பித்தன. அதுவரை மாலத்தீவுக்குப் போய்வந்த லட்சக்கணக்கானவர்களில் பலர் மாலத்தீவுக்காரர் ஒருவரின் வீட்டு வாசலைக்கூடப் பார்க்காமல் திரும்பியிருப்பார்கள். கடலை மட்டும் பார்க்கத்தான் ஆசையென்றால் தரங்கம்பாடியில் நின்று பார்த்தால் போதாதா?

அந்த நாட்டின் தலைநகரான மாலேயில் 2014 டிசம்பரில் ஒரு சம்பவம் நடந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் குழாயில் நீரின்றித் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. நாலு பக்கமும் தண்ணீர், குடிக்க மட்டும் இல்லை என்பதுதான் தீவு வாழ்க்கையின் அடிப்படையான உண்மை. மழைநீர் மணலுக்கடியில், உப்பு நீரின்மேல் மெல்லிய ஏடுபோல் மிதந்து நிற்கும். அளவுக்கு மேல் இறைத்தால் கீழேயிருக்கிற உப்பு மேலே வந்துவிடும். வந்துவிட்டால் கிணறு போய்விட்டது என்று அர்த்தம். குப்பை விஷயமும் அப்படித்தான். மாலேக்குப் பக்கத்தில் திலாபுஷி என்று ஒரு தீவு. குப்பையைக் கொட்டிக் கொட்டியே உயர்த்திய தீவு. பல ஆண்டுகள் அது புகைந்துகொண்டே இருந்தது. அழகிய புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கமும் ஒதுக்கவில்லை.

இதற்கு நடுவே 2024-ம் வருஷம் ஜனவரியில் நம் தேசபக்தர்கள் ஒரு வேலை செய்தார்கள். பிரதம மந்திரி லட்சத்தீவுக்குப் போய்வந்தார். அதையொட்டி மாலத்தீவின் துணை மந்திரிகள் மூவர் மரியாதைக் குறைவாக எழுதினார்கள். அவர்களை அந்த அரசாங்கமே பதவியிலிருந்து நிறுத்தி வைத்தது. நம்மவர்களுக்குக் கோபம் தணியவில்லை. "மாலத்தீவை விலக்கு, லட்சத்தீவுக்குப் புறப்படு" என்று முழக்கம் எழுந்தது. 2023-ல் இரண்டு லட்சத்துக்கு மேல் இந்தியர்கள் மாலத்தீவுக்குப் போனார்கள். 2024-ல் அது ஏறக்குறைய ஒரு லட்சத்து முப்பதாயிரமாகக் குறைந்தது. மந்திரிகளுக்கு நாக்குத் தடித்தது. தண்டனை படகோட்டிக்கும் துணி வெளுப்பவனுக்கும் போய்ச் சேர்ந்தது.

சரி, அவமானத்துக்குப் பதில் சொன்னோம் என்றே வைத்துக்கொள்ளுவோம். லட்சத்தீவுக்கு நாம் செய்தது என்ன? அந்தத் தீவுக்கூட்டத்தின் மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். ஜனங்கள் வாழ்வது பத்துத் தீவுகளில். 2011 கணக்குப்படி ஜனத்தொகை 64,000-க்குச் சற்று அதிகம். அதாவது சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 2,000 பேர். தமிழ்நாட்டில் அதே கணக்கு 555. இப்படி நெருங்கிக் கிடக்கிற இடத்தில் தண்ணீருக்காகச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையத்தார் 2005-ல் கவரத்தியில் ஓர் ஆலை அமைத்தார்கள். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நல்ல நீர். அந்த ஊர்க்காரர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் ஒரு நீச்சல் குளத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். அந்தத் தீவுகளில் ஒன்றான பரளியின் ஒரு பகுதி, மணல் அரித்து அரித்து, 2017-க்குள் கடலுக்குள் மறைந்தே போயிற்று. அப்படிப்பட்ட இடத்தின்மேல் ஒரு கோபத்தைத் தீர்த்துக்கொள்ளுவதற்காகக் கூட்டத்தை ஏவுவது தேசபக்தி ஆகுமா? பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு, நூறு பேரைத் தம்பி வீட்டுக்குச் சாப்பாட்டுக்கு அனுப்பினால் தம்பி பெண்சாதி நம்மை வாழ்த்துவாளா?

அந்தமானைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிதானம் தவறிவிடும். 1906-ல் கட்டி முடித்த அந்தச் சிறைச்சாலையின் முன்னால் நின்று கண் கலங்குகிறோம், கலங்க வேண்டியதுதான். ஆனால் அடுத்த நாள் காலையில் என்ன செய்கிறோம்? ஜாரவா என்னும் ஆதிகுடிகள், சில நூறு பேர்தான், அவர்கள் காட்டுக்கு நடுவே போகிற சாலையில் வண்டிகளை வரிசையாக விட்டு, ஜன்னல் வழியே அவர்களைத் தேடுகிறோம். 2002-லேயே உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையின் பகுதிகளை மூடச் சொன்னது. அதன் பிறகும் வண்டிகள் ஓடின. 2012-ல் ஒரு சலனப்படம் வெளியாயிற்று. தின்பதற்கு ஏதோ கொடுப்பதாகச் சொல்லி ஜாரவாப் பெண்களை ஆடச் சொன்னதை உலகமே பார்த்துக் காறித் துப்பியது. கூண்டுக்குள் இருந்த தியாகிகளுக்கு அஞ்சலி செலுத்தியவர்கள், மறுநாள் மனிதர்களைக் கூண்டில் இல்லாமலே மிருகக் காட்சியாகப் பார்த்தார்கள் என்றால், முந்தின நாள் கண்ணீருக்கு என்ன மதிப்பு?

இங்கே ஒரு வாசகர் குறுக்கிடுவார் என்று எனக்குத் தெரியும். "ஸார், விடுமுறைக்குப் போகிறவனுக்குச் சரித்திரப் பரீட்சை வைக்கிறீரே, நியாயமா? நாலு நாள் நிம்மதியாக மணலில் படுக்க விடமாட்டீரா?"

தாராளமாகப் படுங்கள். ஆனால் யாருடைய மணல் என்று தெரிந்துகொண்டு படுங்கள் என்கிறேன். வேறு எந்த ஜாதியாரைவிடவும் தமிழனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் புத்தகத்தில் அச்சடித்திருக்கும் தீவுகளில் பாதிக்கு நம்மவர்கள் முன்பே போயிருக்கிறார்கள், உல்லாசத்துக்கல்ல. 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து மொரீஷியஸில் இறங்கியவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர். அவர்களில் தமிழர்களும் ஏராளம். அவர்கள் இறங்கிய படித்துறை போர்ட் லூயியில் இருக்கிறது. 2006-ல் அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கினார்கள். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாட்டாகவே எழுதிவைத்தார். இலங்கையின் தோட்டங்களுக்கு ஆள் பிடித்த ஜில்லாக்களில் எங்கள் சேலமும் ஒன்று. மொரீஷியஸ் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998-ல் புதிதாக அச்சடித்த நோட்டுகளில் தமிழின் இடத்தை மாற்றியபோது அங்கிருந்த தமிழர்கள் கிளர்ந்தெழுந்து, அந்த நோட்டுகளைத் திரும்பப் பெறவைத்தார்கள். தைப்பூசத்துக்கு அந்த நாட்டில் பொது விடுமுறை. இவ்வளவும் இருக்கிற தீவுக்குப் போய்விட்டு, "ஏழு வண்ண மண்ணைப் பார்த்தோம்" என்று மட்டும் சொல்லித் திரும்பி வருகிறவரை நான் என்னவென்று சொல்ல?

இன்னொரு ஆட்சேபமும் உண்டு, அது கனமானது. "நாம் போவதால்தானே அவர்களுக்குப் பிழைப்பு? போகாவிட்டால் பட்டினியல்லவா?" உண்மைதான். 2020 மார்ச்சிலிருந்து ஜூலை வரை மாலத்தீவு கதவைச் சாத்தியபோது, விருந்தாளி வராத தீவும் துன்பப்படும் என்பது விளங்கிற்று. எங்கள் மலையிலும் அப்படித்தான். சனி ஞாயிறு வண்டி வராவிட்டால் பலாச்சுளை விற்கிறவளுக்கு அடுப்பு எரியாது. ஆகையால்தான் போகாதே என்று நான் சொல்லவில்லை. போகிற பணம் யார் கையில் விழுகிறது என்று பார் என்கிறேன். உள்ளூர்க் குடும்பம் நடத்துகிற வீட்டில் தங்கினால் பணம் அந்த வீட்டு அரிசிப் பானைக்குப் போகிறது. மதில் கட்டிய விடுதியில் தங்கினால் பெரும் பங்கு வேறு எங்கோ பறந்து போகிறது. தீவுக்கு மிஞ்சுவது சம்பளமும் சாக்கடையும்.

ஆகவே புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் குளிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நான் போடுகிற குப்பை எங்கே போகிறது? நான் உட்காருகிற கரையில் அந்த ஊர்க் குழந்தை விளையாட வரலாமா? மூன்றுக்கும் விடுதிக்காரர் நேராகப் பதில் சொன்னால் பெட்டியைக் கட்டுங்கள். மூன்றாவதற்கு அவர் மழுப்பினால், அது எவ்வளவு நீலமான கடலாக இருந்தாலும் வேறு தீவு பாருங்கள்.

"சரி, நீர் எந்தத் தீவுக்குப் போகச் சொல்லுகிறீர்?" என்றால், மழுப்பாமல் சொல்லுகிறேன். முதலில் ராமேசுவரம். அதுவும் தீவுதான் என்பதையே பலர் மறந்துவிட்டார்கள். கோயிலைப் பார்த்த கையோடு தனுஷ்கோடிக்குப் போய், 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரின் சுவர்களுக்கு எதிரே, மீனவர் குடிசையில் விற்கிற மீனை வாங்கிச் சாப்பிடுங்கள். பிறகு நாகப்பட்டினத்துக்கு வாருங்கள். 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்கு மீண்டும் தொடங்கிய கப்பல், கடலின் சுபாவத்தைப் பார்த்து நின்றும் ஓடியும் வருகிறது. அதில் ஏறி யாழ்ப்பாணம் போய், நெடுந்தீவுக்குப் படகு பிடியுங்கள். பவளக்கல் அடுக்கிய வேலிகள், தானாகத் திரியும் குதிரைகள், இடிந்த பழைய கோட்டை எல்லாம் இருக்கின்றன. 1985 மே 15-ம் தேதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பிரயாணிகளை வெட்டிக் கொன்ற கதையைச் சொல்லவும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நம் பாஷையில் பேசுவார்கள். நாம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பக்கத்திலே நயினாதீவு. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் மணிபல்லவம் அதுதான் என்பார் உண்டு. அந்தக் காப்பியத்தில் ஆபுத்திரன் என்று ஒருவன். எத்தனை பேருக்கு இட்டாலும் குறையாத அட்சய பாத்திரம் அவன் கையில் இருக்கிறது. கப்பல்காரர்கள் அவனை மணிபல்லவத்தில் தெரியாமல் விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தீவில் ஒரு ஜீவன் இல்லை. தனக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு உயிர் வாழ அவனுக்கு மனம் ஒப்பவில்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிரை விட்டுவிடுகிறான். பின்னால் மணிமேகலை அங்கேதான் அதைப் பெற்று, ஊருக்குத் திரும்பி, பசித்தவர்களுக்குச் சோறு போடுகிறாள்.

குரூஸோவுக்கு ஆளில்லாத் தீவு ராஜ்யமாகத் தோன்றிற்று. ஆபுத்திரனுக்கு அதுவே மரணமாகத் தோன்றிற்று. விடுமுறைக்குப் புறப்படுகிற தமிழ்க் குடும்பம் இந்த இரண்டில் எந்தக் கதையைக் கையில் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறப் போகிறது என்று முதலில் முடிவு செய்யட்டும். எந்தத் தீவு என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.